புவி வெப்பமடைவது மெய்யா?

மைசூருவில் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் நாள்தோறும் காலையில் உலாவச் செல்வோர் பலர். அவர்களுள் தமிழரும் கணிசமாக உண்டு. நடை முடிந்து சற்று நேரம் அமர்ந்து பேசிச் செல்லும் ஒரு சிறு கூட்டத்தில் சித்திரை மாதத்தில் ஒரு நாள் இவ்வாதம் எழுந்தது.

“உலகமே சூடேறி வருகிறது. அதனால்தான் இந்தக் குளிர்ந்த ஊரிலும் மின்விசிறியின்றி உறங்க முடியவில்லை” என்றார் ஒருவர்.

ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் உடனே மறுத்தார். “சூடேறியது உலகம் அன்று, ஊர். ஓட்டு வீடுகள் போய்க் கான்கிரீட் கட்டடங்கள் வந்துவிட்டன. சாலையோர மரங்களும் குறைந்துவிட்டன. இதற்கு உலகத்தை ஏன் ஐயா இழுக்கிறீர்கள்? அது மேல்நாட்டார் நம்மை மிரட்டக் கட்டிவிட்ட கதை.”

அப்பெரியவர் வாய்க்கு வந்ததைப் பேசுபவர் அல்லர். பல ஆண்டுகளாகத் தம் நாட்குறிப்பில் கிருஷ்ணராஜ சாகரத்தின் நீர்மட்டத்தையும் மேட்டூர் அணையின் நீர்மட்டத்தையும் அருகருகே எழுதி வருபவர். தஞ்சைப் பக்கம் அவர் குடும்பத்திற்குச் சிறிது நன்செய் நிலம் உண்டு. அவர் இங்கே பருகுவதும் காவிரி. அங்கே வயலுக்குப் பாய்வதும் காவிரி. அளந்து கண்டதையே நம்புவேன் என்பது அவர் கொள்கை. இத்தகையவரின் ஐயத்தை ஏளனம் செய்து தள்ளுவது முறையன்று. அதற்கு அளவைகளைக் கொண்டே விடை கூறுதல் வேண்டும்.

முதற்கண் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். இப்பொருள் பற்றிய வாதங்களில் மூன்று வினாக்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. புவியின் வெப்பம் உயர்ந்துள்ளதா என்பது முதல் வினா. உயர்ந்திருப்பின் அதற்குக் காரணம் மனிதனா, இயற்கையா என்பது இரண்டாவது. அதனால் விளையும் தீங்கு எவ்வளவு, அதற்கு யார் பொறுப்பேற்பது என்பது மூன்றாவது. மூன்றாவது வினாவில் இன்றும் கருத்து வேறுபாடு மிகுதி. அதைக் காட்டி முதலிரண்டும் தீரவில்லை எனக் கூறுவதே பல குழப்பங்களுக்கு மூலம்.

கோட்பாட்டின் வரலாற்றைச் சிறிது காண்போம். மார்கழியில் வானம் தெளிந்த இரவில் குளிர் நடுக்குகிறது. மேகம் மூடிய இரவில் குளிர் குறைகிறது. பகலில் வெயிலால் சூடேறிய நிலம், இரவில் அவ்வெப்பத்தைக் கண்ணுக்குப் புலனாகாத கதிர்களாக வானை நோக்கி விடுகிறது. மேகம் அக்கதிர்களை ஏற்று, ஒரு பகுதியை நிலத்திற்கே திருப்பி அனுப்புகிறது. காற்றிலுள்ள நீராவியும் கரியமில வாயுவும் இவ்வேலையை இரவு பகல் ஓயாது செய்கின்றன. கரியமில வாயு நிரம்பிய கண்ணாடிக் குழாய் வெயிலில் மிகுதியாகச் சூடேறுவதை 1856-ஆம் ஆண்டில் யூனிஸ் ஃபுட் என்ற அமெரிக்கப் பெண்மணி கண்டறிந்தார். வாயுக்கள் வெப்பக் கதிர்களை ஏற்கும் திறனை 1859-இல் ஜான் டிண்டால் லண்டனில் சோதித்து அளந்தார். 1896-இல் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி அர்ரீனியஸ், கரியமில வாயு இருமடங்கானால் புவியின் வெப்பம் 5 அல்லது 6 டிகிரி உயரும் எனக் கணக்கிட்டார். இன்றைய மதிப்பீடு ஏறத்தாழ 3 டிகிரி. அவர் கண்ட தொகை மிகையாயினும் கண்ட நெறி சரியே.

இக்கணக்குகள் நிகழ்ந்த காலத்தில் தட்பவெப்பம் பற்றிய உலக மாநாடுகள் இல்லை. நாடுகளிடையே பேரமும் இல்லை. எவரையும் மிரட்டுவதற்கு இக்கோட்பாடு தோன்றவில்லை என்பதற்கு இவ்வாண்டுகளே சான்று.

காற்றில் கரியமில வாயு பெருகி வருகிறதா? ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் என்பவர் 1958-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அதனை அளக்கத் தொடங்கினார். அப்போது காற்றின் பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 315 பங்கு கரியமில வாயு இருந்தது. 2024-இல் அது 420-ஐத் தாண்டிவிட்டது. பழம் பனிப்பாளங்களுள் சிறைப்பட்ட காற்றுக் குமிழ்களை ஆராய்ந்ததில், இயந்திரத் தொழில் பெருகுமுன் அது 280 அளவிலேயே இருந்ததெனத் தெரிகிறது. இம்மிகுதி எரிமலையிலிருந்து வந்திருக்கலாகாதா எனக் கேட்போர் உண்டு. ஆனால் நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் வரும் கரிக்குத் தனி அடையாளம் உண்டு. உயிருள்ள மரத்தின் கரியில் காணப்படும் கதிரியக்கக் கரி, கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்து கிடந்த நிலக்கரியில் இராது. காற்றில் இக்கதிரியக்கக் கரியின் விகிதம் குறைந்து வருவதை 1955-இலேயே ஹான்ஸ் சூயெஸ் என்பவர் எடுத்துக்காட்டினார்.

இனி, பெரியவரின் ஐயத்திற்கு வருவோம். நகரம் பெருகுவதால் அந்நகரம் சூடேறும் என்பது முற்றிலும் உண்மை. கருங்கல்லும் காரையும் பகல் வெப்பத்தைத் தேக்கி இரவில் வெளியிடும். ஆதலின், நகரங்களில் வைத்த வெப்பமானிகளே நம்மை ஏமாற்றுகின்றனவோ என்பது நியாயமான வினா. இதே வினாவை எழுப்பியவர் அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் ரிச்சர்டு முல்லர். அவர் வாய்ச்சொல்லோடு நில்லாது, 2010-இல் தொடங்கி உலகெங்குமுள்ள நிலையங்களின் பதிவுகளைத் தம் குழுவினருடன் புதிதாகக் கணக்கிட்டார். அவ்வாராய்ச்சிக்குப் பொருளுதவி செய்தோருள், வெப்பக் கோட்பாட்டை எதிர்த்து வந்த எண்ணெய்த் தொழிலதிபர் ஒருவரின் அறக்கட்டளையும் ஒன்று. நகர வெப்பத்தால் உலகச் சராசரியில் குறிப்பிடத்தக்க மாறுதல் இல்லை என்பதும், 250 ஆண்டுகளில் நிலப்பரப்பின் வெப்பம் ஏறத்தாழ ஒன்றரை டிகிரி உயர்ந்துள்ளது என்பதுமே அவர் கண்ட முடிவு. 2012-இல் அவர் தம் கருத்தை மாற்றிக்கொண்டதாக வெளிப்படையாக அறிவித்தார்.

இதற்கு எளிய சான்றும் ஒன்றுண்டு. நடுக்கடலில் கான்கிரீட் வீடுகள் இல்லை. எனினும் 1951 முதல் 2015 வரையில் இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு வெப்பம் சராசரியாக ஒரு டிகிரி உயர்ந்துள்ளது என்பதும், 1901 முதல் 2018 வரையில் நம் நாட்டின் சராசரி வெப்பம் ஏறத்தாழ 0.7 டிகிரி உயர்ந்துள்ளது என்பதும் இந்தியப் புவி அறிவியல் அமைச்சகம் 2020-இல் வெளியிட்ட மதிப்பீட்டில் கண்டவை. 1901 முதல் உள்ள பதிவுகளில் 2024-ஆம் ஆண்டே நாட்டின் மிக வெப்பமான ஆண்டு என்று இந்திய வானிலைத் துறை அறிவித்தது. ஆக, மைசூருவில் நாம் உணர்வதில் ஊரின் சூடும் உண்டு. உலகின் சூடும் உண்டு. ஒன்று இருப்பதால் மற்றொன்று பொய்யாகிவிடாது.

அடுத்து வருவது ஞாயிறு பற்றிய ஐயம். இதனை நம் நாட்டில் முன்வைத்தவர் சாதாரண மனிதர் அல்லர். உடுப்பி அருகே பிறந்து, ஆரியபட்டா செயற்கைக்கோளை உருவாக்கும் பணிக்குத் தலைமை தாங்கி, இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைவராகவும் விளங்கிய யு. ஆர். ராவ் அவர்கள், 2011-இல் பெங்களூருவிலிருந்து வெளிவரும் ‘கரண்ட் சயன்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். விண்வெளியிலிருந்து வரும் அண்டக் கதிர்கள் தாழ்ந்த மேகங்கள் உருவாகத் துணை செய்கின்றன. ஞாயிற்றின் காந்த ஆற்றல் மிகுந்ததால் அக்கதிர்கள் குறைந்தன. மேகம் குறையவே வெயில் மிகுந்தது. வெப்ப உயர்வில் பெரும் பங்கு இதற்கு உண்டு என்பது அவர் வாதம். புவி சூடேறுவதை அவர் மறுக்கவில்லை. கரியமில வாயுவின் பங்கு கருதப்படும் அளவு இல்லை என்றே கூறினார்.

இது அறிஞர் ஒருவர் எழுப்பிய முறையான ஐயம். எனவே அதற்கு விடையும் சோதனையால் தேடப்பட்டது. ஜெனீவா நகரை அடுத்த செர்ன் ஆய்வகத்தில் பெரியதோர் எஃகுக் கலத்தினுள் மேகத்தின் வித்தான நுண்துகள்கள் தோன்றும் முறையை ஆராய்ந்தனர். அண்டக் கதிர்களின் ஏற்றத்தாழ்வு இன்றைய தட்பவெப்பத்தைக் குறிப்பிடத்தக்க அளவில் மாற்றவில்லை என 2016-இல் அக்குழு தெரிவித்தது. மற்றொரு சான்று வானின் உயரத்தில் உள்ளது. ஞாயிறே காரணமாயின் வளிமண்டலத்தின் கீழடுக்கும் மேலடுக்கும் ஒருங்கே சூடேற வேண்டும். கண்டதோ வேறு: கீழடுக்கு சூடேறுகிறது, அதற்கு மேலுள்ள அடுக்கு குளிர்கிறது. போர்வையின் உள்ளே வெப்பம் தங்கி, வெளியே குறைவதைப் போன்ற நிலை இது. 1980-க்குப் பின் ஞாயிற்றின் ஒளியாற்றல் உயரவில்லை என்பதும் அளந்து கண்ட செய்தி.

இங்கே தமிழர் அறிய வேண்டிய பெயர் ஒன்றுண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் பயின்றவரான வீரபத்திரன் இராமநாதன், 1980-இல் மேடன் என்பவருடன் சேர்ந்து ஒரு கணிப்பை வெளியிட்டார். கரியமில வாயுவால் விளையும் வெப்ப உயர்வு, ஆண்டுதோறும் இயல்பாக நிகழும் ஏற்ற இறக்கங்களை மீறி 2000-ஆம் ஆண்டளவில் புலப்பட வேண்டும் என்பதே அது. முன்கூட்டிச் சொன்னது பின்னர் நிகழ்கிறதா என்பதே ஒரு கோட்பாட்டின் உரைகல். இக்கணிப்பு அவ்வுரைகல்லில் தேறியது.

மூன்றாவது வாதம் இமயமலைப் பனியாறுகளைப் பற்றியது. இதில் விஞ்ஞானிகளின் பக்கமே பிழை நேர்ந்தது. தட்பவெப்ப மாற்றம் பற்றிய அரசுகளிடைக் குழு 2007-இல் வெளியிட்ட அறிக்கையில், 2035-ஆம் ஆண்டிற்குள் இமயப் பனியாறுகள் மறைந்துவிடக்கூடும் என்றொரு தொடர் இடம்பெற்றது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் உயர்பதவி வகித்து ஓய்வு பெற்ற வி. கே. ரெய்னா, பனியாறுகள் அவ்வளவு விரைவாக அழியவில்லை என ஓர் ஆய்வுரை எழுதினார். அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெயராம் ரமேஷ் 2009-ஆம் ஆண்டு நவம்பரில் அதனை வெளியிட்டார். அரசுகளிடைக் குழுவின் தலைவராயிருந்த பச்சோரி அதனைக் கடுஞ்சொற்களால் ஒதுக்கினார். ஆனால் தேடிப் பார்த்தபோது, 2035 என்ற ஆண்டிற்கு முறையான ஆராய்ச்சி எதுவும் ஆதாரமாக இல்லை என்பது வெளிப்பட்டது. 2010 ஜனவரியில் அக்குழு தன் பிழையை ஏற்று வருத்தம் தெரிவித்தது.

இச்செய்தி கேட்டு, ‘எல்லாமே புரட்டு’ என்று முழங்கியோர் பலர். ஆயின் நிகழ்ந்தது யாது? தவறாகச் சொன்ன ஆண்டு நீங்கியது, உருகுதல் நீங்கவில்லை. காட்மாண்டுவிலுள்ள பன்னாட்டு மலைவள மேம்பாட்டு மையம் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டில் இந்துகுஷ் இமயப் பனியாறுகள், முந்திய பத்தாண்டைவிட 65 விழுக்காடு விரைவாகக் கரைந்தன. ஐயம் எழுப்பியவர்களால் அறிக்கை திருத்தம் பெற்றது. ஐயத்தினால் விளையும் நன்மை இதுவே.

இன்னொரு வழக்கு நம் நெல்வயல்களைப் பற்றியது. நீர் நின்ற வயலிலிருந்து மீதேன் என்னும் வாயு எழும். அதுவும் வெப்பத்தைத் தேக்குவது. 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மேல்நாட்டு மதிப்பீடுகள் இந்திய நெல்வயல்களின் மீது மிகப் பெரும் பழியைச் சுமத்தின. தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ. பி. மித்ரா தலைமையில் 1991-இல் நாட்டின் பல பகுதிகளில் வயல்களிலேயே அளந்து பார்த்தனர். உண்மைத் தொகை, அம்மதிப்பீட்டில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே எனத் தெரிந்தது. அதே ஆண்டில் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும், ஏழை உழவன் விடும் வாயுவையும் செல்வ நாட்டான் உல்லாசத்திற்காக விடும் வாயுவையும் ஒரே தட்டில் நிறுப்பது அறமாகுமா எனக் கேட்டனர். பெரியவர் கூறிய ‘மேல்நாட்டார் மிரட்டல்’ என்பதில் நியாயம் உண்டெனில் அது இவ்விடத்தில்தான். ஆனால் இவர்கள் எவரும் புவி சூடேறவில்லை எனக் கூறவில்லை. பொறுப்பை நேர்மையாகப் பங்கிடுக என்றே வாதாடினர்.

ஐயத்திற்கும் மறுப்பிற்கும் உள்ள வேறுபாடு இதனால் விளங்கும். ஐயுறுவோர் அளக்கின்றனர், அளவை மாறுபட்டால் தம் கருத்தை மாற்றிக்கொள்கின்றனர். அளவை எதுவாயினும் அசையாதிருப்பது மறுப்பு. சில வேளைகளில் அம்மறுப்பின் பின்னே இலாபமும் இருந்ததுண்டு. எக்ஸான் என்ற எண்ணெய் நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 1970-களின் இறுதியிலிருந்து தம்முள் கணித்து வைத்த வெப்ப உயர்வு, பின்னர் நிகழ்ந்ததோடு பெரிதும் ஒத்திருந்தது என 2023-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு காட்டியது. அந்நிறுவனமோ வெளியுலகில் ஐயத்தையே வளர்த்து வந்தது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட என் போன்றோர்க்கு இவ்வரலாறு வேறொரு வகையிலும் தோன்றுகிறது. அரசுகளிடைக் குழு 1990-இல் தன் முதல் அறிக்கையில் மனிதனே காரணம் என்று துணிந்து கூறவில்லை. 1995-இல் மனிதனின் பங்கு ‘புலப்படுகிறது’ என்றது. 2001-இல் ‘பெரும்பாலும் இருக்கலாம்’ என்றது. 2007-இல் ‘மிகப் பெரும்பாலும்’ என்றது. 2013-இல் அதனினும் வலிய சொல்லைக் கையாண்டது. 2021-இல் ‘ஐயத்திற்கு இடமின்றி’ என்று முடித்தது. ஒரு சொல்லிலிருந்து அடுத்த சொல்லுக்கு ஏற ஐந்தும் ஆறும் எட்டும் ஆண்டுகள் ஆயின. பொய் பரப்ப விரும்புவோர் இத்துணைத் தயக்கத்துடன் பேசுவதில்லை.

இனி, இவ்வாதத்தால் நமக்கு ஆவதென்ன எனக் காண்போம். குடகில் பிறக்கும் காவிரியும் வயநாட்டில் பிறக்கும் கபினியும் மைசூருவிற்குக் குடிநீர் தருகின்றன. இரண்டும் திருமகூடலு நரசிபுரத்தில் கலந்து தமிழ்நாட்டை நோக்கிச் செல்கின்றன. இவ்விரண்டின் உயிரும் மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையே. முன்னர்க் கூறிய 2020-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, 1951 முதல் 2015 வரையில் நாட்டின் பருவமழை ஏறத்தாழ 6 விழுக்காடு குறைந்தது. குறைவு தெளிவாகத் தெரிந்த இடங்களுள் மேற்குத் தொடர்ச்சி மலையும் ஒன்று. தொழிற்சாலைப் புகையும் தூசியும் இக்குறைவிற்குக் காரணமாகக் கூறப்படுகின்றன. வெப்பம் மேலும் உயர உயர, மொத்த மழை மிகலாம் என்றும், ஆனால் அது சில நாட்களில் கொட்டித் தீர்த்துப் பின் நெடுநாள் பொய்க்கும் என்றும் அறிஞர் எதிர்பார்க்கின்றனர். ஏனெனில் காற்றின் வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால், அது தாங்கும் நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு மிகும்.

அண்மை ஆண்டுகளை நினைவு கூர்க. 2018 ஆகஸ்டில் குடகில் பெருமழையும் நிலச்சரிவும் நேர்ந்தன. 2023 ஆகஸ்டோ, 1901 முதல் உள்ள கணக்கில் நாடு கண்ட மிக வறண்ட ஆகஸ்டு. அவ்வாண்டு கருநாடகத்தின் பெரும்பாலான வட்டங்கள் வறட்சி கண்டவையாக அறிவிக்கப்பட்டன. 2024-இல் ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்கப்படவில்லை. அதே ஆண்டு ஜூலை இறுதியில் அணை நிரம்பி வழிந்தது. அந்நாட்களிலேயே, ஜூலை 30-ஆம் நாள், வயநாட்டில் மலை சரிந்து ஊர்கள் மண்ணுள் புதைந்தன. இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் புவி வெப்பமே காரணம் எனக் கூறுதல் பிழை. வயநாட்டு மழையை ஆராய்ந்த பன்னாட்டு அறிஞர் குழுவும், வெப்ப உயர்வால் அம்மழையின் கடுமை ஏறத்தாழ பத்து விழுக்காடு மிகுந்தது என்ற அளவிலேயே, அதுவும் மிக எச்சரிக்கையுடன் கூறியது.

ஆனால் இத்தகைய ஆண்டுகள் பெருகுமாயின் விளைவது என்ன? 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டிற்கு வகுத்தளித்த 177.25 டி.எம்.சி. என்ற அளவு, இயல்பாக மழை பெய்யும் ஆண்டிற்கு உரியது. இயல்பான ஆண்டே அரிதாகிவிட்டால் ஒவ்வோர் ஆண்டும் வழக்காகிவிடும். அவ்வழக்கின் சூட்டை முதலில் உணர்வோர் எல்லைக்கு இப்பால் வாழும் தமிழரே. 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் கதவடைத்து உள்ளிருந்த இரவுகளை இங்குள்ள குடும்பங்கள் மறக்கவில்லை. வானம் மாறி வருகிறது என்பதை ஏற்க மறுத்தால், நீர் குறையும் ஆண்டில் குற்றம் சாட்ட அண்டை வீட்டுக்காரர் ஒருவரே எஞ்சுவார். ஏற்றுக்கொண்டாலோ, இரு கரையினரும் சேர்ந்து எதிர்கொள்ள வேண்டிய இடர் அது என்பது புலனாகும். ஏரிகளைத் தூர்வாருதல், குறைந்த நீரில் விளையும் பயிரைத் தேர்தல், பற்றாக்குறை ஆண்டிற்கான பங்கீட்டு முறையை முன்னரே வகுத்தல் என்று பேச்சு திரும்ப வழி பிறக்கும்.

ஏரிக்கரைப் பெரியவரிடம் இவற்றையெல்லாம் சில நாட்களில் சிறிது சிறிதாகக் கூறினேன். அவர் முற்றும் இசைந்தார் எனக் கூற மாட்டேன். ‘ஊரின் சூடு, உலகின் சூடு என்று இரண்டு உண்டென்பது சரி’ என்ற அளவில் ஒப்புக்கொண்டார். ஒரு வாரம் கழித்துத் தம் நாட்குறிப்பைக் கொண்டு வந்து காட்டினார். இரு அணைகளின் நீர்மட்டத்திற்கு அருகே புதிதாக ஒரு பத்தி கோடிடப்பட்டிருந்தது. அதில் குடகிலும் வயநாட்டிலும் பெய்த மழையின் அளவு நாள்வாரியாக எழுதப்பட்டிருந்தது. “பத்து ஆண்டு எழுதிப் பார்த்துச் சொல்கிறேன்” என்றார். அவருக்கு வயது 74.